கதவில் தெரிந்த ஊர்

ஆசிரியருக்கு வணக்கம்.

கார் படம் எடுக்கப் போன கதையைச் சொல்லிவிட்டுக் குப்பைக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது 2012 மாடல் கறுப்பு ஸ்விஃப்ட். காட்பாடி போர்வெல் தண்ணீரில் பத்து வருஷத்துக்கு மேல் கழுவிக் கழுவி உடம்பெல்லாம் உப்புப் புள்ளி, கண்ட துணியால் துடைத்ததில் வட்ட வட்டமாகக் கீறல், வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை மாதிரி தெரியும். போன மாதம் மனசு வந்து டீட்டெய்லிங் கொடுத்தேன், அதாவது பெயின்ட்டைத் தேய்த்துப் புதுசு மாதிரி ஆக்குகிற வேலை. ஒட்டின அழுக்கை எடுக்கக் கிளே தேய்த்து, கீறல் போகக் காம்பவுண்ட் போட்டு, பாலிஷ், கடைசியில் வேக்ஸ் என்று இரண்டு நாள் ஆனது. திரும்பி வந்தபோது பானட்டைப் பார்த்துத் தலை சீவலாம். அதே வாரம் மகன் கேனான் 1500டி கேமரா ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்தான். அப்புறம் சும்மா இருக்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே வேலூர்க் கோட்டைக்குப் போய்விட்டேன். நம் வெயிலூரில் எட்டு மணிக்கு மேல் கறுப்பு வண்டியைப் படம் எடுப்பது வீண். லென்ஸை அகலமாகக் காட்டுகிற 18 மி.மீ.-இல் வைத்துக் கிட்டே போனால் வண்டியின் மூக்கு பூசணிக்காய் மாதிரி உப்புகிறது. தள்ளி நின்று, ஜூம் செய்து 55-இல் வைத்து, ஹெட்லைட் உயரத்துக்குக் குனிந்து எடுத்தால்தான் வண்டி வண்டியாக இருக்கிறது. கறுப்பைப் பார்த்துக் கேமரா ஏமாந்து சாம்பலாக்கிவிடும் என்பதால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தேன். இதெல்லாம் சீக்கிரம் பிடிபட்டது. பிடிபடாதது கதவு.

வண்டிக்குப் பின்னால் 1806 சிப்பாய்க் கலகத்தைப் பார்த்த மதில், அகழித் தண்ணீர், பிரமாதம். ஆனால் பளபளக்கிற கதவு காட்டுவது எனக்குப் பின்னால் இருப்பதை அல்லவா? தொங்குகிற வயர், காதணி விழா பிளெக்ஸ், கவிழ்ந்து கிடக்கிற குப்பைத் தொட்டி, நடுவில் குனிந்து நிற்கிற நான். பிரதிபலிப்பைக் குறைக்கிற போலரைசர் ஃபில்டரை லென்ஸில் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கார் கண்ணாடியில் இருந்த பிரதிபலிப்பு போனது, கதவில் ஒரு இடத்தில் மங்கினால் அடுத்த வளைவில் அப்படியே நிற்கிறது. தொட்டி மட்டும் போகவே இல்லை.

சரி, பாலாற்றுக்குப் போவோம் என்று கரையில் நிறுத்தினேன். ஆற்றில் தண்ணீர் இல்லை, அது பழகிப்போனது. கோழிக்கழிவு மூட்டைகளும் எரிகிற பிளாஸ்டிக் புகையும் என் கதவில் அழகாக விழுந்தன. பாலிஷ் போட்ட பையனின் வேலை சுத்தம், ஈ உட்காருவது கூடத் தெரிகிறது! நான் நிற்கும்போதே இரண்டு பேர் வண்டியை நிறுத்தாமலேயே பையை வீசிவிட்டுப் போனார்கள். அதில் ஒரு கார் என்னுடையதை விடப் பளபளப்பு.

கடைசியில் கணியம்பாடி தாண்டி அமிர்தி சாலையில் ஒரு புளியமரத்தடியில்தான் நல்ல படம் கிடைத்தது, கதவு நீளத்துக்கும் ஜவ்வாது மலை. வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஒரு காரை நிறுத்தி வைக்க இவ்வளவு தூரம் போகணுமா?" என்றாள். அதே கேள்வியைத்தான் உங்கள் மூலம் கேட்கிறேன். குப்பை அள்ளுகிறவர்களை மட்டும் சொல்லவில்லை, பை வீசினார்களே, அவர்களும் இந்தப் பேப்பரைப் படிப்பார்கள். பாலாற்றங்கரையிலும் அகழி ஓரத்திலும் காலையில் ஒரு மணி நேரம் யாராவது நின்று பார்த்தாலே போதும், கேமரா கூட வேண்டாம்.

இத்துடன் அனுப்பியிருப்பது மலை தெரிகிற படம் இல்லை, மூட்டை தெரிகிற படம். வெளியிடுவதானால் நம்பர் பிளேட்டை மறைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்பாடி