பளபளப்புக்கு மார்க் கிடையாது

ட்ராய், மிச்சிகன்
ஏப்ரல் முதல் வாரம்

அன்புள்ள மாப்ளே,

நலம்தானே? உன் பழைய ஹெரால்டு காரை நீ எடுத்து அனுப்பிய படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு நகர மனசு வரவில்லை. அதனால்தான் பழைய வழக்கப்படி கடிதம். என் கையெழுத்தை ஹாஸ்டலில் பரீட்சை நோட்ஸ் கேட்ட காலத்திலேயே உன்னால் படிக்க முடியாது, எனவே டைப் அடித்திருக்கிறேன்.

வீட்டுச் செய்தி முதலில். உன் தங்கச்சிக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது மாடிப்படி ஏறுகிறாள், என்னைத் திட்டவும் தெம்பு வந்துவிட்டது. பெரியவள் சியாட்டிலில் வேலை மாறிவிட்டாள். சின்னவனிடம் கல்யாணப் பேச்சை எடுத்தால் "பார்க்கலாம்ப்பா" என்று ஒரே வார்த்தை, அதற்கு மேல் ஒரு எழுத்து வாங்க முடியவில்லை. நான் ரிட்டயர் ஆன நாளிலிருந்து வீட்டுக்குள் இருப்பதைவிட கராஜில் இருப்பதுதான் அதிகம் என்று புகார். புகாரில் உண்மை இருக்கிறது.

"கார் போட்டின்னா என்னடா, இந்த வயசுல ரேஸ் ஓட்டப் போறியா?" என்று கேட்டிருந்தாய். ஓட்டுவது இல்லைடா, நிறுத்தி வைப்பது. என்னிடம் இருக்கும் 1966 கார்வெட்டை, அந்த ஷெவர்லே ஸ்போர்ட்ஸ் காரை, உனக்குத் தெரியும், நாசாவ் ப்ளூ, துணிக் கூரை, 327 க்யூபிக் இன்ச் வி8, எல்79 என்று சொல்லும் 350 குதிரைத்திறன் எஞ்சின். அந்த வருஷம் செயின்ட் லூயிஸ் தொழிற்சாலையில் 27,720 கார்வெட் கட்டினார்கள். அதில் ஒன்று என் கராஜில் நிற்கிறது. அதை நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டியின் நடுவர்களுக்கு முன்னால் இந்தக் கோடையில் நிறுத்தப் போகிறேன்.

பழைய கார்வெட்டுகளை அசல் நிலைக்கு மீட்கிறவர்களுக்காக 1974-ல் தொடங்கிய சங்கம் அது. அவர்கள் மார்க் போடும் விதம்தான் என்னை இழுத்தது. மற்ற கார் ஷோக்களில் எது அதிகமாக மின்னுகிறதோ அதற்குக் கோப்பை. இங்கே கேள்வியே வேறு. தொழிற்சாலையை விட்டு டீலரிடம் வந்து இறங்கிய அன்று இந்தக் கார் எப்படி இருந்திருக்கும்? அதிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் மார்க் போகும். மட்டமாக இருந்தாலும் போகும், மேலாக இருந்தாலும் போகும். மொத்தம் 4,510 புள்ளி, அதில் 94 சதவீதமோ அதற்கு மேலோ வாங்கினால் டாப் ஃப்ளைட் என்ற விருது. ஓட்டம் (எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பது), உட்புறம், வெளிப்புறம், எஞ்சின் அறை, சேஸிஸ் எனும் அடிச்சட்டம் என்று ஐந்து பிரிவு. ஓட்டத்தைத் தவிர மற்றவற்றில், ஒவ்வொரு பொருளுக்கும் அசல்தானா என்று ஒரு மார்க், நிலைமை எப்படி என்று ஒரு மார்க். பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டார் மாதிரி டார்ச் லைட்டோடு ஒவ்வொரு மூலையாகப் பார்ப்பார்கள், ஆனால் காப்பி கேட்க மாட்டார்கள்.

எஞ்சின் கதையைச் சொன்னால் உனக்குப் புரிந்துவிடும். சின்ன வி8 எஞ்சின்களை ஃப்ளின்ட் நகரத்தில் கட்டி, ஆரஞ்சு பெயிண்ட் அடித்து, செயின்ட் லூயிஸுக்கு அனுப்புவார்கள். பெயிண்ட் அடிக்கும்போதே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது புகையை வெளியேற்றும் வார்ப்பிரும்புக் குழாய், மாட்டியிருக்கும். பெயிண்ட் துப்பாக்கியைப் பிடித்தவன் அவசரத்தில் அடித்துவிட்டுப் போவான், அந்த வார்ப்பிரும்பின் மேலும் பாதி ஆரஞ்சு படிந்துவிடும். வாங்கியவன் முதல் வாரம் ஓட்டியதும் அது கருகி உதிர்ந்துவிடும், அது வேறு விஷயம். ஆனால் காரைக் கையில் வாங்கிய நேரத்தில் அது அங்கே இருந்தது. ஆகவே மேனிஃபோல்டை மணல் அடித்துச் சுத்தம் செய்து, அழகான சாம்பல் நிறக் கோட்டிங் கொடுத்து மாட்டினால் கைதட்டு கிடைக்காது, மார்க் குறையும். நானும் எஞ்சினை மேனிஃபோல்டோடு சேர்த்தே நிறுத்தி, வேண்டுமென்றே கொஞ்சம் அலட்சியமாக அடித்தேன். நாற்பது வருஷம் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவன் கை அதற்கு லேசில் பழகவில்லை.

எல்லாவற்றையும்விட அவர்கள் கூர்ந்து பார்ப்பது ஒரு சின்ன இடம். வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் மேல் ஒரு தட்டையான மேடை இருக்கும், உன் பெருவிரல் அகலம்தான். அதில் ஃப்ளின்டைக் குறிக்கும் எஃப், கட்டிய மாதம், நாள், பிறகு எச்.டி. (HT) என்ற இரண்டு எழுத்து அடித்திருக்கும். அந்த எச்.டி.தான் எல்79 என்பதற்குச் சாட்சி. பக்கத்திலேயே காரின் வரிசை எண். ஆனால் நடுவர் முதலில் படிப்பது எண்ணை இல்லை. பிளாக்கைச் சமப்படுத்திய மெஷின் விட்டுச் சென்ற மெல்லிய இணைகோடுகள் அந்த மேடையில் இருக்கின்றனவா என்று சாய்த்துப் பிடித்த வெளிச்சத்தில் பார்ப்பார். கோடு இல்லையென்றால் யாரோ தேய்த்துவிட்டு வேறு எண் அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகம். இதில் பாவப்பட்டவர்களும் உண்டு. நேர்மையாக எஞ்சினைப் பிரித்து ரீபோர் செய்யக் கொடுத்திருப்பார்கள், லேத் பட்டறைக்காரர் ஹெட் உட்காரும் முகத்தை ஒரு தடவை சீவிவிட்டிருப்பார், அதோடு எண்ணும் போச்சு, கோடும் போச்சு. என் பிளாக் பட்டறைக்குப் போனபோது அந்த மேடை மேல் சிவப்பு டேப் ஒட்டி, 'இதைத் தொடாதே' என்று எழுதி, போதாததற்குக் கூடவே போய் நின்றேன். அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

பெயிண்ட்டும் இதே கதைதான். உங்கள் ஊர் பட்டறையில் இப்போது எல்லோரும் பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்ட், மேலே நிறமில்லாத ஒரு கிளியர் கோட் என்கிறார்கள், கண்ணாடி மாதிரி வருகிறது என்று எழுதியிருந்தாய். அந்தக் காலத்துக் கார்வெட்டுக்கு அக்ரிலிக் லேக்கர்தான், கிளியர் கோட் கிடையாது. ஃபைபர் உடம்பின் பலகைகளை உள்ளே பட்டை வைத்துப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டுக் கோடு வருஷம் போகப் போக ஃபெண்டர் மேல் லேசாகத் தெரியும். கதவு இடுக்கிலும் உடம்பின் அடிப்பகுதியிலும் பெயிண்ட் சொரசொரப்பாக இருக்கும், யாரும் அங்கே பாலிஷ் போட மாட்டார்கள். இப்போது சுற்றுச்சூழல் விதிகளால் லேக்கர் கிடைப்பதும் கடினம், அதை அடிக்கத் தெரிந்த கை கிடைப்பது அதைவிடக் கடினம். எனக்குக் கிடைத்தவர் எழுபதைத் தாண்டிய மனிதர். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நடுவே நின்று வெளிச்சத்தைப் பார்ப்பார், பிறகு தலையை ஆட்டிவிட்டு அடுத்த கோட். அவர் செலவுக் கணக்கை உன் தங்கச்சியிடம் காட்டவில்லை.

ஓட்டப் பிரிவில் கடிகாரம் ஓட வேண்டும். சிரிக்காதே. அறுபதுகளின் எந்த அமெரிக்கக் காரிலும் முதலில் செத்துப்போவது டேஷ்போர்டு கடிகாரம்தான். உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங், அது ஓரிரு நிமிஷத்தில் தளரும். தளர்ந்ததும் இரண்டு காண்டாக்ட் பாயின்ட் ஒன்றையொன்று தொடும், மின்காந்தம் 'டக்' என்று உதைத்து ஸ்பிரிங்கை மறுபடி முறுக்கும். பேட்டரி இறங்கினால் உதைக்கத் தெம்பு இருக்காது, பாயின்ட் ஒட்டிக்கொண்டே நிற்கும், மின்காந்தத்தின் கம்பிச்சுருள் கருகும். இதற்குப் பயந்து பலரும் உள்ளே குவார்ட்ஸ் மெஷின் வைத்துவிடுகிறார்கள். நான் பாயின்டைத் தேய்த்து, பழைய எண்ணெயைக் கழுவி, அசலையே ஓட வைத்துவிட்டேன். ராத்திரி கராஜில் உட்கார்ந்தால் அந்த 'டக்' கேட்கும். அடுத்தது கேட்கும்வரை எழுந்து போக மனசு வராது, அதனால்தான் சாப்பாட்டுக்கு லேட்.

அதே போல் ஹெட்லைட்டும். மூக்குக்குள் மறைந்திருந்து, சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுழற்றி வெளியே கொண்டு வர வேண்டும், அணைத்தால் இரண்டும் இடைவெளி இல்லாமல் மூக்கோடு படிய வேண்டும். பல்புக் கண்ணாடியின் நடுவில் சின்ன முக்கோணத்துக்குள் டி-3 (T-3) என்று எழுதியிருந்தால்தான் அசல். அந்தப் பல்புக்கு இப்போது என்ன விலை என்று கேட்டுவிடாதே. சிகரெட் லைட்டர், ஹாரன், வைப்பர், ரேடியோ எல்லாம் இதே கணக்கு. புதிதாக வார்த்த ஒரு உதிரி பாகம் வாங்கினேன், விற்றவர் 'அச்சு அசல்' என்று சத்தியம் செய்தார். வந்து பார்த்தால் எழுத்தின் தடிமனே வேறு. திருப்பி அனுப்பிவிட்டு, துருப்பிடித்த பழையதையே ஊற வைத்துத் தேய்த்தேன்.

இனி எனக்குக் கொஞ்சம் நெருடும் விஷயம். உடம்பை சேஸிஸ் மேல் இறக்கும்போது இடைவெளியைச் சரிக்கட்ட எங்கெங்கே எத்தனை ஷிம் தகடு வைக்க வேண்டும் என்று தொழிலாளி சேஸிஸின் பக்கவாட்டில் சாக்கட்டியாலோ மெழுகுக் கட்டியாலோ எண் எழுதிவிட்டுப் போவான். அவனுக்கு அது வேலைக் குறிப்பு, அவ்வளவுதான். இன்று அந்த எண் போட்டியில் மதிப்புள்ள சாமான். அதனால் ரெஸ்டோர் செய்கிறவர்கள் பளிங்கு மாதிரி கறுப்பு பெயிண்ட் அடித்துவிட்டு, அதன் மேல் அந்தக் கிறுக்கலைப் புதிதாக எழுதுகிறார்கள். அவசரக் கையெழுத்தாக வர வேண்டும் என்று காகிதத்தில் பழகிப் பார்த்துவிட்டு எழுதுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். மேனிஃபோல்டில் நான் சிந்திய ஆரஞ்சும் இதே ரகம்தானே என்று நீ கேட்பாய். கேள். என் மனசில் ஒரு கோடு இருக்கிறது. பெயிண்ட் என்பது தேய்ந்துபோகும் சமாசாரம், அதை அடித்த முறையிலேயே மறுபடி அடிக்கலாம். கையெழுத்து ஒரு ஆளுடையது. நம் காலேஜ் ஒர்க்ஷாப் பெஞ்சில் நீ செதுக்கிய பெயரை வேறொருவன் வார்னிஷ் அடித்துவிட்டு உன் மாதிரியே செதுக்கினால் உனக்கு எப்படி இருக்கும்?

என் சேஸிஸில் கிரீஸைக் கழுவிக்கொண்டே வந்தபோது, இடது பக்கம் பின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு '2' வெளியே வந்தது. மெழுகுக் கட்டி, வால் கொஞ்சம் நீண்டு இருந்தது. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன். அந்த இடத்தில் தண்ணீர்கூட ஊற்றவில்லை, பழைய கறுப்பு பெயிண்ட் உரிந்திருந்தாலும் அப்படியே விட்டிருக்கிறேன். அதற்கு நிலைமை மார்க்கில் கொஞ்சம் போகும். போகட்டும். மற்ற இடங்களில் எண் எதுவும் கிடைக்கவில்லை, நான் எழுதவும் போவதில்லை.

இதே சங்கத்தில், பிரிக்காமல் பெயிண்ட் அடிக்காமல் தப்பிப் பிழைத்த கார்களுக்கு 'போ டை' (Bowtie) என்று தனி விருது உண்டு. அந்த வரிசையில் நிற்கும் கார்களைப் பார்த்தால் சீட்டில் வெடிப்பு, குரோமியத்தில் புள்ளி, ஆனால் கூட்டம் அங்கேதான் நிற்கும். விவரம் தெரிந்த ஆட்கள் நோட்டும் கையுமாக அவற்றின் அடியில் படுத்திருப்பார்கள். எங்களைப் போன்ற ரெஸ்டோர் செய்கிறவர்களுக்குப் பாடப் புத்தகமே அந்தக் கார்கள்தான்.

அதனால்தான் உன் ஹெரால்டைப் பற்றிக் கொஞ்சம் அவசரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உன்னுடையது நாலு கதவு. அந்த வடிவம் இந்தியாவில் மட்டும்தான் வந்தது, சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனியின் சொந்த வேலை. இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டுக்கு இன்னும் பார்ட்ஸ் கிடைக்கிறது, முன்புறத்துக்கும் எஞ்சினுக்கும் என்ன வேண்டுமோ லிஸ்ட் அனுப்பு, தேடித் தருகிறேன். ஆனால் பின் கதவின் ரப்பர், கண்ணாடி, பிடி எல்லாம் அங்கே யாரிடமும் இருக்காது. ஆகவே பழசு எவ்வளவு கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதே, அளவு எடுக்கவாவது வேண்டும். டிங்கர் வந்து "எல்லாத்தையும் சொரண்டிட்டுப் புதுசாப் பண்ணிடலாம் சார்" என்பார். முதலில் படம் எடு. டேஷ்போர்டுக்கு அடியில், ஸ்பேர் வீல் பள்ளத்தில், கதவு அட்டைக்குப் பின்னால் வெயில் படாத அசல் நிறம் இருக்கும். அந்த இடம் ஒன்றைச் சுரண்டாமல் விட்டு வை. அப்பா காலத்தில் கார் வெளிர் பச்சையா நீலமா என்று நீயும் உன் அக்காவும் சண்டை போடுவதாக எழுதியிருந்தாயே, அதற்கும் தீர்ப்பு அங்கேயே கிடைக்கும்.

இப்போது வீட்டில் நடக்கும் விவாதம் டயர் பற்றி. அசல் 7.75-15 பயாஸ் டயர், ரேடியலுக்கு முந்தைய பழைய வகை, அதே அச்சில் இன்றும் செய்து விற்கிறார்கள். அதைப் போட்டால் ரோட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே கார் தானாகப் போகும், ஸ்டீயரிங் பிடித்தவன் வெறும் பார்வையாளன். இப்போதைய ரேடியல் டயர் போட்டால் சுகமாகப் போகலாம், மார்க் போகும். பலரும் மூடிய டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிறார்கள். ஆனால் காரை ஓட்டிக்கொண்டே வருகிறவர்களுக்குச் சங்கம் கூடுதல் மார்க் தருகிறது, எனக்கு அந்த விதி ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆகவே ரேடியலில் ஓட்டிப் போவது, பயாஸ் டயர் மாட்டிய நாலு சக்கரத்தைப் பெரியவளின் பழைய வேனில் பின்னால் கொண்டு வந்து அங்கே மாற்றுவது என்பது என் திட்டம். வேனை யார் ஓட்டுவது என்பதில்தான் விவாதம் நிற்கிறது. உன் தங்கச்சி முட்டியைக் காட்டுகிறாள், சின்னவன் "பார்க்கலாம்ப்பா" என்கிறான்.

ஜூலையில் உனக்கு இங்கே வர ஏதாவது வழி உண்டா? விசா இன்னும் இருக்கிறது என்று போன வருஷம் சொன்னாய். ஆட்டோமேட்டிக் வேன்தான், வலது பக்கம் ஓட்டப் பழக ஒரு வாரம் போதும்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்

பி.கு.: அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல். அவர்கள் கொடுத்தனுப்பிய பருப்புப் பொடி பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது.