ஆபரேட்டர் ரூம் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

பல்கலைக்கழக ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும், மாணவர் மையங்களைப் புதுப்பிக்கும் திட்டக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

மாணவர் மையத்தைப் புதுப்பிக்கும் திட்டம் என்று ஒன்று மேசைக்கு வந்தால், அதில் பல நேரம் முதலில் அடிபடுவது அங்கிருக்கும் சினிமா அரங்கம்தான். புது வரைபடத்தில் அந்த இடத்துக்குப் 'பன்நோக்குக் கூடம்' என்று பெயர் எழுதியிருக்கும். சமதளத் தரை, மடக்கு நாற்காலிகள், சுவரில் பெரிய டிவி. படம் பார்க்கத்தான் எல்லார் கையிலும் போன் இருக்கிறதே என்பார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்த அரங்கங்கள் எப்படி வந்தன, யார் நடத்தினார்கள் என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மாணவர் மையம் என்பது முதலில் கட்டடமாக வரவில்லை. கேம்பிரிட்ஜில் 1815-லும் ஆக்ஸ்போர்டில் 1823-லும் மாணவர்கள் கூடி விவாதிக்கும் சங்கங்களாகத் தொடங்கியது அது. அமெரிக்காவில் இதற்கென்றே எழுந்த முதல் கட்டடம், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1896-ல் திறந்த ஹூஸ்டன் ஹால். அங்கே படித்து, சின்ன வயதிலேயே இறந்துபோன மகனின் நினைவாகப் பெற்றோர் கொடுத்த பணத்தில் கட்டியது.

கட்டடம் வந்ததும் கூடவே வாசல் பிரச்சினையும் வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மாணவர் மையமான மிச்சிகன் யூனியன் கட்டடம் 1919-ல் திறந்தபோது அது ஆண்களின் இடம். பெண்கள் பக்கவாசல் வழியாகத்தான் வர வேண்டும்; முன்வாசல் அவர்களுக்குத் திறக்க 1950-கள் ஆயின. பெண்களுக்கென்று தனியாக ஒரு கட்டடத்தையே 1929-ல் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த யூனியனின் முன்படியில் நின்றுதான், 1960 அக்டோபர் 14 அதிகாலை இரண்டு மணிக்கு, அதிபர் தேர்தலில் நின்ற கென்னடி மாணவர்களிடம் பேசினார். பின்னால் பீஸ் கோர் என்று, அமெரிக்கர்களை வெளிநாடுகளுக்குத் தொண்டு செய்ய அனுப்பும் அமைப்பாக ஆனதற்கு அந்தப் பேச்சுதான் விதை என்பார்கள். அந்த நேரத்தில் அத்தனை மாணவர்கள் அங்கே விழித்து நின்றார்கள் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய செய்தி. இரவு ஒன்பதுக்குப் பூட்டிவிடும் மையங்களைக் கட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, இதற்குள் சினிமா எப்படி வந்தது? பழைய 35 எம்.எம். படச்சுருள் நைட்ரேட்டில் செய்தது. தீப்பிடித்தால் அணைக்க முடியாது. தீத்தடுப்பு அறை இல்லாமல் அதை ஓட்டுவது ஆபத்து. 1923-ல் கோடாக் கொண்டுவந்த 16 எம்.எம். சுருள் அப்படி எளிதில் தீப்பற்றாத அசிட்டேட்டில் வந்தது. புரொஜெக்டரும் கையில் தூக்கிப் போகிற அளவுக்குச் சின்னது. ஒரு வெள்ளைத் திரையும் மின் இணைப்பும் இருந்தால் எந்த வகுப்பறையும் மாலையில் தியேட்டராகிவிடும் என்ற நிலை வந்தது. கல்லூரிகளில் ஃபிலிம் சொசைட்டிகள், அதாவது கூடிப் படம் பார்க்கும் சங்கங்கள், முளைக்க இதுதான் பெரிய காரணம். இந்தியாவிலும் 1964-ல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஃபிலிம் சொசைட்டிகளுக்கு 16 எம்.எம். பிரிண்ட்டுகளை அனுப்பி வந்தது. எந்த நிர்வாகமும் உத்தரவு போட்டு வந்ததில்லை இது. பிள்ளைகள் தாங்களாகவே ஆரம்பித்தார்கள். பிறகுதான் நிர்வாகங்கள் அதற்கு அரங்கம் ஒதுக்கின.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் டாக் ஃபிலிம்ஸைப் பாருங்கள். முறைப்படி சங்கமானது 1940-ல். வேர் 1932 வரை போகிறது என்பார்கள். இன்று அது படம் காட்டும் ஐடா நோய்ஸ் ஹால், 1916-ல் மாணவியருக்கான மையமாகத் திறந்த கட்டடம். எந்தப் படம் என்று முடிவு செய்வது, பிரிண்ட் வரவழைப்பது, டிக்கெட் கொடுப்பது, புரொஜெக்டர் ஓட்டுவது எல்லாமே சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

புரொஜெக்டர் ஓட்டுவது என்றால் பட்டனை அமுக்குவது என்று நினைத்துவிடாதீர்கள். நானும் ஒரு காலத்தில் ரீல் மாற்றிய ஆள்தான். 35 எம்.எம்.-இல் ஒரு ரீல் ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும். இரண்டு மெஷின். ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னப் புள்ளி தோன்றி மறையும். அதைக் கண்டதும் அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழு விநாடி போல ஆனதும் இன்னொரு புள்ளி. அந்த நொடியில் படத்தையும் ஒலியையும் அடுத்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். கண் அசந்தால் வெள்ளைத் திரை, கீழே விசில். பரீட்சைக்கு நடுவிலும் ராத்திரி பதினொன்றரைக்கு அந்தப் புள்ளிக்காகக் கண் கொட்டாமல் நிற்கிற பிள்ளைக்கு வகுப்பில் வருகைப்பதிவு குறைவாக இருக்கலாம். ஆனால் ஒரு அரங்கம் நிறைய ஆட்கள் தன்னை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியும்.

கணக்கு வழக்கும் அவர்கள் கையில்தான். வாரக் கடைசியில் கூட்டம் சேர்க்கும் படம், கிழமை நாளில் இருபது பேர் வரும் படத்தைச் சுமக்கும். இந்தக் கணக்கை வீடியோ கேசட் வந்து முதலில் ஆட்டம் காண வைத்தது. வீட்டிலேயே படம் பார்க்க முடிந்ததும் பல சொசைட்டிகள் மூடப்பட்டன. அடுத்த அடி 2013, 2014 வாக்கில். பாராமவுண்ட் அமெரிக்காவில் 35 எம்.எம். பிரிண்ட் அனுப்புவதை நிறுத்தி முழு டிஜிட்டலுக்குப் போனது. மற்ற ஸ்டுடியோக்களும் அந்த வழியில்தான். புது டிஜிட்டல் புரொஜெக்டர் மாணவர் சங்கம் தன் கைக்காசில் வாங்குகிற சாமான் இல்லை. இந்த இடத்தில்தான் நிர்வாகத்தின் கை தேவைப்பட்டது. எங்கே நிர்வாகம் இயந்திரத்தை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தேர்வை மாணவர்களிடமே விட்டதோ, அங்கே அரங்கம் பிழைத்துக்கொள்ள வழி கிடைத்தது. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1944-ல் சொற்பொழிவு ஏற்பாடு செய்யக் கிளம்பிய ஒரு மாணவர் குழு, பிறகு படம் காட்ட ஆரம்பித்துத் தலைமுறை தலைமுறையாக நடத்தியிருக்கிறது. திரையில் கோளாறு வந்தால் அந்தக் குழுவையே கூட்டமாகத் திட்டிக் கத்துவது அங்கே ஒரு சம்பிரதாயம். தன் பிள்ளைகள் நடத்துகிற இடம் என்றால்தானே அந்த உரிமையோடு திட்ட முடியும்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த அரங்கங்கள் சண்டை வரும் இடங்களும்கூட. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மெமோரியல் யூனியனில் ஒரு சின்ன அரங்கம் உண்டு. அங்கே படித்த நடிகர் ஃப்ரெட்ரிக் மார்ச்சின் பெயர் அதற்கு இருந்தது. அவர் மாணவராக இருந்தபோது, வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளானின் பெயரில் இயங்கிய மாணவர் குழுவொன்றில் இருந்தார் என்று தெரிந்து, 2018-ல் பெயரை எடுத்துவிட்டார்கள். நாடெங்கும் இருந்த க்ளானுக்கும் அந்தக் குழுவுக்கும் தொடர்பு உண்டா, பெயரை எடுத்தது சரியா என்று வாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு அதில் ஒரு பக்கம் சாயத் தோன்றவில்லை. ஆனால் பன்நோக்குக் கூடத்தின் பெயருக்காக யாரும் இப்படி மல்லுக்கு நிற்பார்கள் என்று தோன்றவில்லை.

மாணவர்களிடம் விட்டால் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நாலு வருடத்தில் ஆள் மாறிவிடும். கணக்கு நோட்டு காணாமல் போகும். வீட்டுக்கு வாங்கிய டிஸ்க்கை உரிமம் இல்லாமல் பொதுவில் போட்டுக் காட்டி வம்பில் மாட்டுவார்கள். அதற்கு மருந்து, மெஷினையும் உரிமக் கணக்கையும் கவனிக்கிற ஒரு நிரந்தர ஊழியர். அவர் படத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் மூன்று அலுவலகக் கையெழுத்து கேட்கும் படிவமும் வேண்டாம். அதை நிரப்பி முடிப்பதற்குள் பிரிண்ட் வேறு ஊருக்குப் போய்விடும்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். சரிவுத் தரையையும் நிலையான இருக்கைகளையும் விட்டுவையுங்கள். புரொஜெக்டர் ஓட்டுகிற ஆபரேட்டர் ரூமைச் சாமான் அறையாக்காதீர்கள். ஓடுகிற நிலையில் ஒரு ஃபிலிம் புரொஜெக்டர் இருந்தால் அதைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். அரங்கத்தை வெளி நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடாதீர்கள். டிக்கெட் பணம் பொதுக் கணக்கில் கரையாமல் அரங்கத்துக்கே திரும்பட்டும். மாணவர் குழுவின் பொறுப்பாளர் யாரோ, ஆபரேட்டர் ரூம் சாவி ஒன்று அவர் கையில் இருக்கட்டும். அப்புறம், வரைபடத்தை ஒப்புதலுக்கு வைக்கும் கூட்டத்துக்கு முன்னால் ஒரு மாலை அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு படம் முழுக்கப் பாருங்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஃபிலிம் சொசைட்டி ஆபரேட்டர்