கவாவும் கெத்தும் இலையும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடியை விட நினைப்பவர்களின் காதில் இப்போது இரண்டு பெயர்கள் சேர்ந்தே விழுகின்றன. ஒன்று பசிபிக் தீவுகளின் கவா. மற்றொன்று நம் மலேசியாவின் கெடா, பெர்லிஸ், பினாங்குப் பக்கம் ‘கெத்தும்’ என்றும் அமெரிக்காவில் ‘கிராட்டம்’ என்றும் சொல்லப்படும் இலை. அமெரிக்காவில் இரண்டையும் ஒரே பாட்டிலில் கலந்து, மதுவுக்கு மாற்று என்று பெட்ரோல் நிலையக் கடைகளில்கூட விற்கிறார்கள். அந்த விளம்பரங்கள் கைப்பேசி வழியாக இங்கும் வந்துவிட்டன. மருந்தாளுநர்கள் என்ற முறையில் எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கவா, முறை தெரிந்தவர் அளவோடு குடிக்கக்கூடிய ஒரு பானம். கெத்தும் அந்த வரிசையிலேயே சேராது.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். காலையில் ஒரு கிளாஸ் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், சம்சு என்னும் மலிவுச் சாராயமோ பீரோ எதுவானாலும், வீட்டில் தானாகத் திடீரென நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் காய்ச்சல், குழப்பம், இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்வது போன்ற தோற்றம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். கவா இதைத் தடுக்காது, கெத்தும் தடுக்காது. மருத்துவமனையில் டயசெபாம் வகை மருந்தைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பார்கள், வைட்டமின் பி1 ஏற்றுவார்கள். அந்த மருந்தோடு கவாவும் சேர்ந்தால் மயக்கம் அளவு மீறும். ஆகவே இனி நாங்கள் சொல்வது, மாலையில் ஓரிரு பீர் என்ற பழக்கத்தை மாற்ற நினைப்பவருக்கு மட்டும்.

கவா நமக்கு முற்றிலும் அந்நியமான செடி அல்ல. மிளகு, வெற்றிலைக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. வனுவாத்து, பிஜி, தொங்கா, சமோவா தீவுகளில் அதன் வேரை இடித்துத் தண்ணீரில் பிசைந்து குடிக்கிறார்கள். 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கூட்டிச் செல்லப்பட்ட நம்மவர்களின் வழித்தோன்றல்களும் இன்று பிஜியில் மாலை வேளைகளில் வட்டமாக உட்கார்ந்து இதைக் குடிப்பதைப் பார்க்கலாம். அங்கே அதன் பேச்சுப் பெயர் ‘கிராக்’. தானோவா என்ற மரத்தொட்டியில் கரைத்து, தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு, ஒருவர் மாற்றி ஒருவர் ஒரே மடக்கில் குடிப்பார்கள். சாராயக் கடையின் சத்தம் அங்கே இருக்காது. வனுவாத்துவின் கவா கொட்டகைகளில் விளக்கைக்கூட மங்கலாகத்தான் வைப்பார்கள். கவா கண்மணியை விரிப்பதால் வெளிச்சம் கூசும்.

வேலை செய்வது கவாலாக்டோன்கள் என்னும் பொருள்கள். முக்கியமானவை ஆறு. அவை தண்ணீரில் கரைவதில்லை, மாவோடு சேர்ந்து மிதக்கத்தான் செய்யும். தயாரிப்பு முறை முழுக்க இதை ஒட்டியதுதான். காபி போல வடித்தால் ஒன்றும் இறங்காது, பிசையத்தான் வேண்டும்.

முதல் முறைக்கு 15 கிராம் வேர்த்தூள், அதாவது குவித்த இரண்டு மேசைக்கரண்டி, போதும். அதை மெல்லிய நைலான் பையிலோ நெருக்கமான மஸ்லின் துணியிலோ போட்டு, 300 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் அமிழ்த்துங்கள். கை தாங்கும் சூடுதான் அளவு. கொதிக்கும் நீர் ஊற்றினால் வேரின் மாச்சத்து கஞ்சியாகி, சத்து அதற்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஐந்து நிமிடம் ஊறியதும் பத்து நிமிடம் விடாமல் பிசைந்து பிழிய வேண்டும், தேங்காய்ப்பால் எடுப்பது போல. தண்ணீரின் மேல் எண்ணெய்ப் பசை மின்னி, நிறம் கலங்கிய ஆற்றுநீர் மாதிரி வந்தால் சரி. சக்கையை 100 மில்லி தண்ணீரில் இன்னொரு முறை பிழிந்து முதல் சாற்றோடு சேர்க்கலாம். அடியில் தங்குவதால் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் கலக்கிவிடுங்கள். மீந்ததைக் குளிர்பெட்டியில் ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம், புளித்துவிடும்.

குடிக்கும் முன் மூன்று மணி நேரமாவது வயிறு காலியாக இருக்க வேண்டும். 100 மில்லியை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு ஒரு துண்டு அன்னாசியோ மிட்டாயோ வாயில் போட்டுக்கொள்ளுங்கள். சுவை? மண்ணும் மிளகும் கலந்த கசப்பு. ருசித்துக் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு நிமிடத்தில் நாக்கும் உதடும் மரத்துப் போகும். பல் மருத்துவரின் ஊசிக்குப் பின் இருக்குமே, அதன் சிறு அளவு. பயப்பட வேண்டாம், அது கவாவின் இயல்பு. இருபது முப்பது நிமிடத்தில் தோளும் தாடையும் தளரும், பேச்சு நிதானமாகும், தலை தெளிவாகவே இருக்கும். இரண்டு மூன்று மணி நேரம் நீடிக்கும். அடுத்த 100 மில்லிக்கு அரை மணி நேரமாவது பொறுங்கள்.

சறுக்கல் பெரும்பாலும் இங்கேதான். முதல் இரண்டு மூன்று முறை சிலருக்கு எதுவுமே தெரியாது. பலமாகச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தவருக்கும் அப்படித்தான். ‘ஏறவில்லையே’ என்று பீர் பழக்கத்தில் அளவைக் கூட்டினால் கிடைப்பது குமட்டல், வாந்தி, தள்ளாட்டம். வடிகட்டாமல் தூளையே கரைத்து விழுங்கினாலும் வயிற்றைப் பிரட்டும். கவா குடித்தவரின் வாயில் சாராய வாடை வராது, போலீஸ் ஊதச் சொல்லும் கருவியும் காட்டாது. ஆனாலும் கை கால் வேகம் குறைந்திருக்கும், மோட்டார் சைக்கிளைத் தொடக் கூடாது.

தூளைத் தேர்வு செய்வது தயாரிப்பைவிட முக்கியம். ‘நோபிள்’ என்று குறிப்பிட்ட வகை மட்டுமே வாங்க வேண்டும். ‘டூ-டே’ என்னும் வகையின் தலைசுற்றலும் குமட்டலும் மறுநாள் வரை இழுக்கும். பெயரே அதைத்தான் சொல்கிறது. பிஜி மூட்டைகளில் ‘வாக்கா’ என்றிருந்தால் பக்கவேர், வீரியம் அதிகம். ‘லெவேனா’ என்றால் அடித்தண்டுக் கிழங்கு, மென்மையானது, பழகாதவருக்கு ஏற்றது. இலையும் தண்டின் தோலும் கலந்த தூளை வாங்கவே கூடாது. அவற்றில் உள்ள பைப்பர்மெதிஸ்டின் என்ற பொருள் நல்லதல்ல. வகையைச் சோதிக்க ஆய்வகங்களில் ஒரு வழி உண்டு. தூளை அசிட்டோனில் போட்டால் நோபிள் மஞ்சளாகவும் டூ-டே செம்மஞ்சளாகவும் நிறம் இறக்கும். மாத்திரையாக வாங்குபவருக்கு ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் உச்சவரம்பு நல்ல வழிகாட்டி: நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் கவாலாக்டோன், அதற்கு மேல் இல்லை.

கல்லீரல் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2002-இல் ஜெர்மனி கவா மருந்துகளைத் தடை செய்தது, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அன்று பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் எடுத்தது ரசாயனக் கரைப்பான்களால் பிரித்தெடுத்த மாத்திரைகளை. தண்ணீரில் பிசைந்த பானத்தில் அது அரிது. ஆனால் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, உடம்பு முழுக்க அரித்தாலோ உடனே நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஏற்கெனவே குடியால் கல்லீரல் கெட்டவர், ஹெப்பாடைட்டிஸ் உள்ளவர், கர்ப்பிணி, பாலூட்டும் தாய், தூக்க மாத்திரையோ வலிப்பு மருந்தோ எடுப்பவர், பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோப்பா எடுப்பவர் யாருக்கும் கவா வேண்டாம். கவா இரவில் மதுவும் வேண்டாம், பாரசெட்டமாலும் வேண்டாம். நாள்தோறும் அதிகமாகக் குடித்தால் தோல் வறண்டு மீன் செதிள் போல உரியும். பிஜியில் இதைக் ‘கனிகனி’ என்பார்கள். நிறுத்தினால் சில வாரங்களில் சரியாகிவிடும்.

எங்கே கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஆஸ்திரேலியாவில் 2021 டிசம்பர் முதல் கடைகளுக்கு இறக்குமதி அனுமதி உண்டு. பிரிட்டனில் 2003 முதல் உணவாக விற்கத் தடை. இங்கே அஞ்சலில் வரவழைக்க நினைப்பவர் காசு கட்டுவதற்கு முன்பே சுங்கத்துறையிடமும் சுகாதார அமைச்சிடமும் கேட்டுக்கொள்ளட்டும்.

இனி கெத்தும். இது காப்பிக் குடும்பத்து மரம், மித்ராஜைனா இனம். தென் தாய்லாந்திலும் நம் வடமாநிலங்களிலும் ரப்பர் வெட்டுபவரும் மீனவரும் வெயில் வேலைக்காக மென்ற இலை. தாய்லாந்துக் கிராமங்களில் நடுநரம்பை உரித்துவிட்டு மெல்வார்கள், நாரை விழுங்கினால் மலம் இறுகிக் குடலை அடைக்கும் என்பதால். நம் பக்கம் இலையைக் கொதிக்க வைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கிறார்கள்.

இதன் மித்ராஜைனின், 7-ஹைட்ராக்சிமித்ராஜைனின் இரண்டும் மூளை செல்களில் மார்ஃபின் உட்காரும் இடமான அதே ஏற்பியில் போய் உட்காருகின்றன. குறைந்த அளவில் சுறுசுறுப்பு, கூடினால் மந்தமும் வலி மறப்பும். மூக்கு ஒழுகல், எலும்பு வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, எரிச்சல் என்று நிறுத்தும்போது வருவதும் அபின் வகைப் பழக்கத்தின் அதே வேதனைதான். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வழக்கமாகக் கெத்தும் குடிக்கும் 293 பேரை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவில், பாதிக்கு மேற்பட்டோர் கடுமையாக அடிமைப்பட்டிருந்தார்கள். ஒரு போதையை இறக்கிவிட்டு இன்னொன்றைத் தோளில் ஏற்றிக்கொள்வதை மாற்று என்று எப்படிச் சொல்வது?

இயற்கை இலைதானே என்பவருக்கு இரண்டு தகவல்கள். 2018-இல் அமெரிக்காவில் கிராட்டம் தூளால் பரவிய சல்மோனெல்லா கிருமி 41 மாநிலங்களில் 199 பேரைப் படுக்க வைத்தது. இப்போது அங்கே விற்கும் ‘7-ஓஎச்’ மாத்திரைகளில் இருப்பது இலையே அல்ல. இலையில் மிகச் சிறிதளவே உள்ள 7-ஹைட்ராக்சிமித்ராஜைனினை ரசாயன முறையில் பெருக்கிச் செறிவாக்கியிருக்கிறார்கள். அதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2025 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே பரிந்துரைத்தது. தென் தாய்லாந்தில் இளைஞர்கள் கெத்தும் சாற்றில் கோலாவும் இருமல் மருந்தும் கலந்து குடிக்கிறார்கள். இருமல் மருந்தில் அபின் வகையான கோடின் இருந்தால் இரண்டும் சேர்ந்து மூச்சை அடக்கும்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். மலேசியாவில் மித்ராஜைனின் 1952-ஆம் ஆண்டு நஞ்சுச் சட்டத்தின் கீழ் வருகிறது. அபராதமோ சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். தாய்லாந்து 2021 ஆகஸ்டில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அதை நம்பி ஹட்யாயில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டினால் இங்கே வழக்குதான். சிங்கப்பூரில் இது ‘ஏ’ வகுப்புப் போதைப்பொருள். அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் எடுத்துக்கொண்டாலும் அங்கே குற்றம்.

குடியை நிறுத்த மருத்துவர் தரும் மாத்திரைகளோடு இவை எப்படி மோதும் என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. மது உள்ளே போனால் உடம்பைப் படுத்தும் டைசல்ஃபிராம் மாத்திரையை எடுப்பவர் சொட்டு மருந்து வடிவக் கவாவை வாங்கினால் புட்டியின் பின்புறத்தைப் படிக்க வேண்டும். பலவற்றில் கரைப்பானே சாராயம்தான். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியோடு அவசரப் பிரிவுக்குப் போக நேரும். நல்ட்ரெக்சோன் விஷயம் இன்னும் கடுமை. அது அபின் ஏற்பியை அடைத்துவிடும் மருந்து. தினமும் கெத்தும் குடிப்பவர் அதை மறைத்துவிட்டு முதல் மாத்திரையை விழுங்கினால், சில நாட்களில் மெல்ல வர வேண்டிய வேதனை ஒரு மணி நேரத்துக்குள் மொத்தமாக வந்து தாக்கும். அபின் வகை எதுவும் உடலில் இல்லாமல் பொதுவாக 7 முதல் 10 நாள் கழிந்த பிறகே அதைத் தொடங்குவார்கள். ஆகவே சுகாதார நிலையத்தில் கெத்தும் தண்ணீர் குடித்ததையும், கடைசியாக எந்தத் தேதியில், எத்தனை கிளாஸ் என்பதையும் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மாத்திரையை எந்த நாளில் தொடங்குவது என்று அவர் அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள் இருவர்,
சுங்கைப் பட்டாணி, கெடா.