ஃபேசியாவை நீவினால் வலிமை கூடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கபடி, தடகளப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் பலர் ‘ஃபேசியா சிகிச்சை’ செய்தால் தசைக்கு வலிமை ஏறுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். ஆட்டுக்கறி நறுக்கும்போது கத்திக்கு அகப்படாமல் வழுக்கும் வெண்ணிற ஜவ்வைப் போல, நம் தசைகளைச் சூழ்ந்து, அவை ஒன்றன்மேல் ஒன்று உரசாமல் நகர உதவும் உறையே ஃபேசியா. அதைக் கையால் மெதுவாக அழுத்தி நீவுவது பயனுள்ள சிகிச்சைதான் என்றாலும், அதன் பயன் எதுவரை என்பதைப் பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை.

நீளம் தாண்டும் என் மாணவன் ஒருவனுக்கு, முழங்காலை மடக்காமல் குனிந்தால் விரல்நுனி கணுக்காலோடு நின்றுவிடும். இயன்முறை மருத்துவர் பின்தொடையைப் பத்து நிமிடம் நீவியதும் விரல்கள் தரையைத் தொட்டன. உடனே விரலில் சாக்பீஸ் தூளைத் தடவிச் சுவரோரம் எம்பிக் குதிக்கச் சொன்னேன். புதிய தடம், காலையில் இதேபோல் குதித்துப் பதித்த தடத்தின் அதே உயரத்திலேயே விழுந்தது. மறுநாள் குனிந்தபோது விரல் பழையபடி கணுக்காலுக்கே வந்துவிட்டது.

ஒரு மாணவனை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் கையால் நீவுவதற்குப் பதிலாக, ஃபோம் ரோலர் எனும் நுரை உருளையைத் தசைக்கு அடியில் வைத்து உருட்டுவது குறித்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான மதிப்பீட்டிலும், பயிற்சிக்கு முன் உருட்டியவர்களின் நெகிழ்வு சுமார் 4 விழுக்காடு கூடியதே தவிர, தாண்டும் திறனிலும் வலிமையிலும் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம் இல்லை. தொடையின் பக்கவாட்டு ஃபேசியாவை 1 விழுக்காடு அமுக்குவதற்கோ பக்கவாட்டில் சரியச் செய்வதற்கோகூட மனிதக் கையால் தர இயலாத விசை வேண்டும் என்று 2008-இல் வெளியான கணித ஆய்வு ஒன்று காட்டியது. ஜவ்விலும் தோலிலும் உள்ள நரம்பு முனைகள் அழுத்தத்தை உணர்வதால், தசை இழுபடுவதை உடல் சற்று நேரம் கூடுதலாகத் தாங்கிக்கொள்கிறது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம்.

இது தெரியாததால் விளையும் கேட்டையும் கண்டேன். ஒரு சிகிச்சை நிலையத்தில் என் மாணவியின் தொடை கன்றிப்போகும் அளவுக்கு முழங்கையால் அழுத்தி, ‘ஒட்டிய ஜவ்வு விடுபடுகிறது, வலித்தால்தான் பலன்’ என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று நாள் அவளால் ஓட முடியவில்லை. அதற்குள் போட்டியும் முடிந்துவிட்டது.

வளரும் பிள்ளைகளுக்கு இச்சிகிச்சையைத் தகுதி பெற்ற இயன்முறை மருத்துவர்கள் மட்டுமே, வலியில்லாத அழுத்தத்தில், அன்றாட வலுப்பயிற்சிக்குத் துணையாக அளிக்க வேண்டும் என்று பள்ளிகளுக்கும் விளையாட்டு விடுதிகளுக்கும் அரசு எழுத்துமூலம் அறிவுறுத்தக் கோருகிறேன்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்.