பெந்தாமின் கணக்கில் எங்கள் கிணறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தோல் தொழில் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பாலாற்றங்கரையில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இந்தத் தொழில்தான் சோறு போடுகிறது, சில கிணறுகள் கெட்டதையே சொல்லிக்கொண்டிருப்பது நியாயமில்லை, சின்ன டேனரிகளுக்கு (தோல் பதனிடும் ஆலைகளுக்கு) மட்டுமாவது கழிவுநீர் விதியைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்கிறார் கட்டுரையாளர். அதற்குச் சாட்சியாக, "அதிகப் பேருக்கு அதிக நன்மை" என்று சொன்ன ஆங்கிலத் தத்துவஞானி பெந்தாமை அழைத்து வருகிறார். தொழிலைப் பற்றி அவர் எழுதியதில் பாதிக்கு மேல் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அவர் கூண்டில் ஏற்றிய சாட்சி, அவருக்கு எதிராகவே பேசக்கூடியவர். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வயது எழுபத்தொன்று. வாணியம்பாடிப் பக்கம் ஒரு கிராமம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து, செயலாளராக ஓய்வு பெற்றேன். முப்பத்தைந்து வருஷம் பேரேடு எழுதிய கை இது. நான் பிறந்தபோது எங்கள் ஊர் வட ஆற்காட்டில் இருந்தது. அப்புறம் வேலூர் மாவட்டம் என்றார்கள். 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். வீடு மட்டும் நகரவில்லை.

எனக்கும் தத்துவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் பேத்தி குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறாள். 2013-லிருந்து முதன்மைத் தேர்வில் அறவியலுக்கென்று தனித்தாள் வைத்துவிட்டார்கள், 250 மதிப்பெண். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள், நான் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு சரிபார்ப்பேன். ரசீதுக் கட்டையையும் பேரேட்டையும் ஒத்துப் பார்த்தே பழகியவனுக்கு இது பிடித்த வேலைதான். இந்த ஒன்றரை வருஷத்தில் பெந்தாம், அவர் வழிவந்த மில், ஜெர்மன் தத்துவஞானி காண்ட் மூவரும் எங்கள் திண்ணைக்கு வேண்டியவர்களாகிவிட்டார்கள்.

சரி, பெந்தாமுக்கு வருகிறேன். 1776-ல் அவர் அப்படி எழுதியது உண்மை. அவருக்கு ஐம்பது வருஷம் முன்பே, 1725-ல், ஹட்சிசன் என்பவர் ஏறக்குறைய அதே வார்த்தைகளில் சொல்லியிருக்கிறார். கட்டுரையாளருக்குத் தெரியாதது அதற்குப் பின்னால் நடந்தது. வயதான காலத்தில் பெந்தாமே அந்த வாக்கியத்தில் "அதிகப் பேருக்கு" என்ற பாதியை அடித்துவிட்டார். அதற்கு அவர் போட்டுக் காட்டிய கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சமுதாயத்தில் 4,001 பேர். பெரும்பான்மை 2,001, சிறுபான்மை 2,000. அந்த 2,000 பேரையும் 2,001 பேருக்கு அடிமையாக்கினால் "அதிகப் பேருக்கு நன்மை" என்ற சொல் பொய்யாகாது. ஆனால் மொத்த மகிழ்ச்சி கூடுமா? கூடாது, சரிந்துவிடும். தலை எண்ணி முடிவு செய்வது வேறு, சுகதுக்கத்தைக் கூட்டிப் பார்ப்பது வேறு என்று கண்டுபிடித்தவர், பாதி வாக்கியத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார். தன் எழுத்தைத் தானே தணிக்கை செய்த மனுஷர். இருநூறு வருஷம் கழித்து அந்த அடித்த பாதியைத்தான் நாம் மேடையில் முழங்குகிறோம்.

இன்னொன்று. ஒரு செயலின் இன்பதுன்பத்தை அளக்க பெந்தாம் ஏழு அளவுகோல் சொன்னார்: எவ்வளவு தீவிரம், எத்தனை காலம் நிற்கும், எவ்வளவு நிச்சயம், எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது, மேலும் பல இன்பங்களை ஈனுமா, துன்பம் கலக்காததா, எத்தனை பேரைச் சேரும். கட்டுரையாளர் பயன்படுத்தியது ஏழாவதை மட்டும். ஏழு கட்டம் உள்ள படிவத்தில் கடைசிக் கட்டத்தை மட்டும் நிரப்பி ஒருவர் பயிர்க்கடன் கேட்டு வந்தால், சிட்டா அடங்கலோடு முழுசா எழுதிக் கொண்டு வாங்க என்று திருப்பி அனுப்புவோம்.

மற்ற ஆறில் சிலவற்றை நான் நிரப்பித் தருகிறேன். எங்கள் நைனா 1961-ல் வெட்டிய கிணறு, முப்பத்தெட்டு அடி. பாலாற்று ஊற்று. ஒன்றரை ஏக்கரில் நெல், ஓரத்தில் பதினாறு தென்னை. எண்பதுகளின் நடுவில் ஒருநாள் என் அம்மா, "பருப்பு வேகவே மாட்டேங்குதுடா" என்றாள். பருப்பு பழசாக இருக்கும் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு மாற்றி வந்தேன். அதுவும் வேகவில்லை. பிறகு சோறு மஞ்சளாக இறங்கியது. துவைத்த வேட்டியில் காய்ந்ததும் வெள்ளைப் பூப்பு. மேலே ஒரு டேனரி இருந்தது, பெயர் வேண்டாம், இப்போது மூடியும் விட்டார்கள். ஆறு வருஷத்தில் தேங்காய் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு என்ற அளவுக்குச் சிறுத்தது. நெல் போய்விட்டது. இன்று அங்கே சீமைக் கருவேலம்.

எத்தனை காலம் என்ற கட்டத்தைப் பாருங்கள். ஏற்றுமதி ஆர்டர் குறைந்தால் சம்பளம் அந்த மாதமே நிற்கும். மண்ணில் இறங்கிய உப்பு, டேனரியை மூடி இருபது வருஷமாகியும் நிற்கிறது. நிச்சயம் என்ற கட்டத்தில், லாபம் வரலாம், வராமலும் போகலாம். பருப்பு வேகாது என்பது மட்டும் உறுதி. ஈனுமா என்ற கட்டத்தில்தான் எனக்குக் கை நின்றது. நிலம் நெல்லை ஈன்றது, வைக்கோலை ஈன்றது, மாட்டை, பாலை ஈன்றது. அதெல்லாம் போயிற்று என்று எழுத ஆரம்பித்தேன். ஆனால் என் மருமகள் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறாள். காலை 6.15 மணிக்குக் கம்பெனி பஸ். பேத்தியின் பயிற்சிக் கட்டணம், பெந்தாம் இருக்கிற அந்தக் குறிப்பேடு, எல்லாம் அந்தச் சம்பளம் ஈன்றதுதான். இதை மறைத்து எழுதினால் நானும் கட்டுரையாளரைப் போலவே ஆகிவிடுவேன். ஒரே வீட்டில் வரவும் இருக்கிறது, செலவும் இருக்கிறது.

தோலுக்காக பெந்தாமை இழுத்தவருக்கு ஒரு தகவலையும் சொல்லி வைக்கிறேன். 1789-ல் வந்த புத்தகத்தில் மிருகங்களைப் பற்றி பெந்தாம் ஓர் அடிக்குறிப்பு எழுதினார். அவற்றுக்கு யோசிக்கத் தெரியுமா, பேசத் தெரியுமா என்று கேட்காதீர்கள், அவற்றால் துன்பப்பட முடியுமா என்று கேளுங்கள் என்றார். அவர் கணக்கை முழுசாக ஏற்றுக்கொண்டால் பேரேட்டில் எருமைக்கும் ஒரு வரி எழுத வேண்டி வரும்.

"ஒவ்வொருவரும் ஒன்று என்றே எண்ணப்பட வேண்டும், யாரும் ஒன்றுக்கு மேல் இல்லை" என்பது பெந்தாமின் வாக்கு என்று மில் எழுதினார். பேத்தி இதை ஒப்பிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். மில் பிறந்தது 1806 மே மாதம். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது அதே வருஷம் ஜூலையில். பதினேழு வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, 1823 முதல் 1858 வரை அங்கேயே இருந்தார். என்னைப் போலவே முப்பத்தைந்து வருஷம், ஒரே மேஜை. ஒருமுறைகூட இந்தியாவுக்கு வராமல் நம் ஊர்களைப் பற்றிக் கடிதம் எழுதினார். மறு வருஷம் தனிமனித சுதந்திரத்தைப் பற்றி உலகமே மெச்சும் புத்தகம் வெளியிட்டவர், பின்தங்கிய மக்களுக்கு அது பொருந்தாது, நல்லது செய்வதாக இருந்தால் சர்வாதிகாரமே சரி என்றும் அதிலேயே எழுதிவைத்தார். எண்ணுகிறவர் தூரத்தில் உட்கார்ந்தால் ஒன்று அரையாகிவிடுகிறது போலிருக்கிறது.

இனி அந்தத் தளர்வு விஷயம். என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்பதற்கும் இதுதான் காரணம். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தபோது, ஓர் அம்மா பயிர்க்கடனைக் கட்ட வந்தார். கெடு தேதிக்குள் கட்டினால் வட்டி கிடையாது. ஒரு நாள் தவறினாலும் வட்டியும் அபராத வட்டியும் உண்டு. அவர் வந்தது மறுநாள் காலை ஒன்பது மணிக்கு. மாடு விற்ற பணம் முதல் நாள் இரவுதான் கைக்கு வந்ததாம். கணவர் இல்லை. நான் முதல் நாள் தேதியைப் போட்டு ரசீது கொடுத்தேன். யாருக்கு நஷ்டம்? அந்த ஒரு செயலை மட்டும் தனியாக எடுத்து எந்தத் தராசில் வைத்தாலும் நன்மையே அதிகம்.

அடுத்த வருஷம் கெடு முடிந்த மறுநாள் வாசலில் ஆறு பேர். "நேத்து தேதி போட்டுடுங்க சார்." அதில் இரண்டு பேர் வட்டிக்கு விடுகிறவர்கள். முதல் நாளே வெயிலில் நின்று கட்டிவிட்டுப் போனவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ஆடிட்டில் பழைய ரசீதும் மாட்டி, விளக்கம் எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் தூக்கமில்லை. ஒவ்வொரு செயலையும் தனித்தனியாக எடைபோடுவது ஒரு கட்சி. எந்த விதி எல்லோரும் கடைப்பிடித்தால் நன்மை தருமோ அந்த விதிப்படி நடப்பது இன்னொரு கட்சி என்று பேத்தியின் குறிப்பேடு பிரிக்கிறது. நான் முதல் கட்சியில் சேர்ந்து இரண்டாம் கட்சிக்குத் தாவியவன். ஒரு சின்ன டேனரிக்கு விதியைத் தளர்த்தினால், மறுநாள் வாசலில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று கட்டுரையாளர் எண்ணிப் பார்க்கட்டும்.

"பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்ற குறளைச் சொல்லி, "தாத்தா, நீங்க செஞ்சது சரிதான்" என்று பேத்தி என்னைத் தேற்றினாள். ஜெர்மனியில் காண்ட், கொலைகாரன் வாசலில் வந்து கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797-ல் எழுதினாராம். வள்ளுவர் அவ்வளவு கறார் இல்லை. ஆனாலும் "புரைதீர்ந்த", அதாவது குற்றமில்லாத, என்று ஒரு சொல் போட்டிருக்கிறாரே, அதில் என் ரசீது தேறாது என்றேன். அதே வள்ளுவர், "ஈன்றாள் பசிகாண்பான் ஆயினும் செய்யற்க சான்றோர் பழிக்கும் வினை" என்றும் எழுதினார். பெற்ற தாயின் பசி என்பதைவிடப் பெரிய பயனைத் தராசில் வைக்க முடியுமா? வைத்துவிட்டும் வேண்டாம் என்கிறார். இரண்டு குறளையும் ஒரே ஆள் எழுதியதுதான் எனக்கு ஆச்சரியம். (டிராம் வண்டி ஐந்து பேர் மேல் ஏறுவதா, ஒருவர் மேல் ஏறுவதா என்ற பிரபலமான கேள்வியை நான் தொடப்போவதில்லை. ஜோலார்பேட்டை ரயில்வே ஆட்களிடம் கேட்டுப் பார்த்தேன், பாயிண்ட் மாற்றும் முறையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள்.)

கடைசியாக, எனக்குப் பெரிதாகப் படுவது. ஏழு கட்டத்தையும் நிரப்பி, எருமை வரைக்கும் சேர்த்து, மொத்தம் லாபம் என்றே வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போதும் சங்கத்தில் நாங்கள் செய்யவே முடியாத ஒன்று உண்டு. ஒரு உறுப்பினரின் வைப்புத்தொகையை எடுத்து இன்னொரு உறுப்பினரின் கடனை நேர்செய்ய முடியாது. ஐந்தொகையில் மொத்தம் அச்சாகப் பொருந்தும். ஆனாலும் அது திருட்டு. பக்கங்கள் தனித்தனி, ஆட்கள் தனித்தனி. 1971-ல் ரால்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவஞானி, பெந்தாம் வழியான பயன்வாதத்தின் மேல் வைத்த குற்றச்சாட்டும் இதுதான்: அது மனிதர்கள் தனித்தனி ஆட்கள் என்பதைப் பொருட்படுத்துவதில்லை. கிணறு கெட்டது ஒருவர் பக்கத்தில், லாபம் ஏறியது இன்னொருவர் பக்கத்தில். என் வீட்டிலாவது இரண்டும் ஒரே கூரைக்கடியில் வந்தன. பக்கத்து நிலத்துக்காரருக்கு வந்தது செலவு மட்டும்தான். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், திரும்பவில்லை.

உச்ச நீதிமன்றம் இதைத்தான் தன் பாஷையில் சொன்னது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு. இந்தத் தோல் மண்டலத்தில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதை அதில் குறித்திருக்கிறார்கள். தோல் தொழில் அன்னியச் செலாவணி ஈட்டுகிறது, வேலை தருகிறது என்பதை நீதிபதிகள் மறுக்கவில்லை. அதற்காகச் சுற்றுச்சூழலை அழிக்கும் உரிமை அதற்குக் கிடையாது என்றார்கள். கெடுத்தவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் ஊன்றியதில் எங்கள் பாலாற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே விவகாரத்தில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. நடுவில் 28 வருஷம். பெந்தாமின் படிவத்தில் தாமதத்துக்கு ஒரு கட்டம் உண்டா என்று பேத்தியைக் கேட்டேன். "கிட்டத்தில் இருக்கிறதா" என்ற நாலாவது கட்டம் அதுதான் தாத்தா என்றாள்.

கட்டுரையாளர் அடுத்த முறை பெந்தாமை அழைக்கும்போது அந்த 4,001 பேரையும் கூடவே அழைத்து வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர்,
வாணியம்பாடி வட்டம்.

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் மருமகளிடம் படித்துக் காட்டினேன். "மாமா, 6.15-னு எழுதியிருக்கீங்க. அது பஸ் நம்ம ஸ்டாப்புக்கு வர்ற நேரம். நான் நாலரைக்கே எழுந்து சமையலை முடிச்சுட்டுத்தானே போறேன், அந்த நேரத்தை எதுல எழுதினீங்க?" என்றாள். எழுதவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.