கீரை ஆயும் நேரம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மூட்டு வலியோடு நான்கு பக்கம் எழுதியிருக்கிறாயே! இங்கே நாங்கள் எல்லோரும் நலம். உன் பேரன் இரண்டாம் வகுப்பு வந்தும் தமிழ்ப் பாடத்தை எழுத்துக்கூட்டியே படிக்கிறான், என்ன படித்தாய் என்று கேட்டால் முழிக்கிறான் என்று வருத்தப்பட்டிருந்தாய். அதற்குத்தான் இந்தப் பதில்.

என் பேத்தியும் அப்படித்தான் இருந்தாள். 247 எழுத்தில் எதைக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் வீட்டில் நாங்கள் பேசியதெல்லாம் கட் பண்ணு, ஃப்ரை பண்ணு, மிக்ஸ் பண்ணு. எல்லா வினைச்சொல்லையும் இந்தப் 'பண்ணு' விழுங்கிவிட்டது. காதில் ஒருநாளும் விழாத சொல்லைப் புத்தகத்தில் பார்த்தால் பிள்ளைக்கு எப்படிப் புரியும்?

அதனால் சாயங்காலம் அவளை அடுப்படியில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறேன். கீரை ஆய்கிறோம், வெங்காயம் அரிகிறோம், தேங்காய் துருவுகிறோம். அரிசியைப் புடைப்பது வேறு, மாவைச் சலிப்பது வேறு என்று அவளே செய்து பார்த்தாள். ஒருநாள் வறுப்பது, வதக்குவது, பொரிப்பது மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "எண்ணெயே இல்லாம, கொஞ்சம் எண்ணெய், முங்குற அளவு எண்ணெய்" என்றாள். ஆறு வயது! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம், அன்று செய்ததை ஒரு பழைய டைரியில் இரண்டு வரி எழுதுவாள். 'அரிசி கலைந்தேன்' என்று ஒருமுறை எழுதியிருந்தாள். மேகம்தான் கலையும், அரிசியைக் களைவோம் என்று சொல்லி, நாக்கை மடித்து ளகரத்தைச் சொல்லவைத்தேன். சற்று யோசித்துவிட்டு, "செடிக்கு நடுவுல களை எடுக்கிறோமே, அதுவும் இந்த ள தானா பாட்டி?" என்றாள். அந்தச் சொல்லில் அவளுக்கு இனி பிழை வராது.

படுக்கும்போது பத்து நிமிடம் கதைப் புத்தகம் வாசிக்கிறேன், வரியின் கீழே விரலை ஓட்டிக்கொண்டு. இப்போது தெரிந்த சொல் வந்தால் எனக்கு முன்னால் அவள் படித்துவிடுகிறாள்.

உன் வீட்டில் தென்னையும் மாவும் இருக்கின்றனவே. உதிர்ந்து கிடக்கும் குரும்பையையும் வடுவையும் பொறுக்கிவரச் சொல். குரும்பையில் ஈர்க்குச்சி செருகி நாம் தேர் செய்தோமே, நினைவிருக்கிறதா? அதை அவனுக்குச் செய்து காட்டு. செய்த கையோடு, எப்படிச் செய்தான் என்று எனக்கு நாலு வரி எழுதிப் போடச் சொல். பிழை இருந்தால் இருக்கட்டும், நீ திருத்தாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி