வலை பின்னிய ஐயாவுக்கும் குட்டியானை அண்ணனுக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் நடந்த நாக்-அவுட் ஆட்டத்தில் நம் வேலூர் கால்பந்து டீம் 3–1 என்று தோற்றுவிட்டது. தோற்றதற்கு நன்றி மடலா என்று சிரிக்காதீர்கள். அந்த ஆட்டம் நடந்ததே பெரிய விஷயம். நான் ஆடுகிறவன் இல்லை. பத்தொன்பது வருஷமாக இந்த டீம் எங்கே போனாலும் பின்னாலேயே போகிறவன். பந்துப் பை, தண்ணீர்க் கேன், சுண்ணாம்பு வாளி எல்லாம் என் பொறுப்பு. கத்துவதும்தான்.

முதல் நன்றி, குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியை ஓட்டி வந்த அண்ணனுக்கு. பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி மாதனூர் வருவதற்குள் எங்கள் வேன் டயர் வெடித்துவிட்டது. ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. நான்கு பையன்கள் ஏற்கெனவே பைக்கில் ஆம்பூர் போய்விட்டார்கள். மீதி ஒன்பது பேர் புளியமரத்தடியில். ஒரு பக்கம் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்கவே கூடாது என்பது கால்பந்து விதி. அப்படியென்றால் இன்னும் மூன்று பேர் எப்படியாவது நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

கை காட்டியதில் நின்றது காலி தக்காளி கிரேட் ஏற்றிய அந்த வண்டி ஒன்றுதான். “மேட்ச்சா? எனக்கு அதெல்லாம் தெரியாது தம்பி, ஏறுங்க” என்றார். கோல்கீப்பரை முன்சீட்டில் உட்கார வைத்தோம். மற்ற இருவரும் நானும் பின்னால், கிரேட்டுகளுக்கு நடுவில். (சரக்கு வண்டியில் ஆள் ஏறக்கூடாதுதான். போலீஸ் அண்ணன்கள் யாராவது இதைப் படித்தால் ஒருமுறை மன்னிக்கவும்.) இறங்கும்போது பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. பெயர் கேட்பதற்குள் போய்விட்டார். பின்கதவில் மயில் படம் வரைந்த வண்டி. தெரிந்தவர்கள் அவரிடம் சொல்லுங்கள்.

கால் மணி நேரம் பொறுத்திருந்த நடுவருக்கும் நன்றி. ஏழு பேராக இறங்கி, மற்றவர்கள் வந்து சேரும்வரை இருபத்திரண்டு நிமிஷம் ஆடினோம். வாங்கியது ஒரே ஒரு கோல். பதினோரு பேராக ஆனபிறகு இரண்டு வாங்கினோம், அந்தக் கணக்கு இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு ஆம்பூர் திருப்பத்தூர் பக்கம் போய்விட்டது. முன்பு உள்ளூர் எதிரி, இப்போது வெளிமாவட்ட விருந்தாளி. அதனாலோ என்னவோ, ஆட்டம் முடிந்ததும் அந்த ஊர் பாய்மார்கள் எங்களை விடவில்லை. சீரகச் சம்பா பிரியாணி, கத்திரிக்காய் தொக்கு, எல்லோருக்கும். எங்கள் ஸ்ட்ரைக்கர் ஆட்டத்தில் ஓடியதைவிட இலைக்கு வேகமாக ஓடினான்.

சரி, வேலூருக்கு வருகிறேன். இரண்டு மாதம் முன்பு நம் மைதானத்தில் ஒரு சண்டை நடந்தது நினைவிருக்கும். நாம் அடித்த பந்து கம்பத்துக்கு உட்புறம் போய், வலை ஓட்டை வழியாகப் பின்னால் வெளியேறிவிட்டது. கோல் என்றோம் நாம், பக்கவாட்டில் போனது என்றார்கள் அவர்கள். கொடுக்கவில்லை. மறுநாள் வலையைச் சுருட்டிக்கொண்டு, சதுப்பேரிப் பக்கம் ஏரியில் மீன் பிடிக்கும் ஐயாவிடம் போனேன். விரித்துப் பார்த்தார்.

“கண்ணு இவ்ளோ பெரிசா இருக்கே, இதுல என்ன மீனுப்பா நிக்கும்?”

“மீன் இல்லீங்கய்யா, பந்து.”

அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கால் கட்டைவிரலில் கயிற்றை மாட்டி இழுத்துப் பிடித்து, மூங்கில் ஊசியால் ஒவ்வொரு கண்ணாக முடிச்சுப் போட்டார். பழைய முடிச்சுகளைத் தடவிப் பார்த்தே எது அறும் என்று சொல்லிவிடுகிறார். ஏழேகால் மீட்டர் அகலக் கம்பத்துக்கான வலை, இரண்டு பக்கத்துக்கும், மூன்று சாயங்காலத்தில் முடித்தார். இதுவரை ஒரு ஆட்டம் பார்த்ததில்லையாம். நான் கூப்பிட்டும் வரவில்லை.

அப்புறம், பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் உட்கார்ந்து ஷூ தைக்கும் அண்ணன், வாய் பிளந்த ஸ்டட் ஷூக்களை எத்தனை முறை கொண்டுபோனாலும் “இதத் தூக்கிப் போடுங்கய்யா” என்று திட்டிக்கொண்டே தைத்துத் தருகிறார். நம் மைதானத்தில் பொதுக்கூட்டம் நடந்த மறுநாள் காலையில் பந்தல் ஆணிகளைப் பொறுக்கித் தனியாகக் குவித்து வைக்கும் தூய்மைப் பணியாளர் அக்காக்கள் இருவர். அவர்களால்தான் நம் பையன்கள் காலில் தையல் இல்லாமல் பயிற்சி எடுக்கிறார்கள். வேன் ஓனருக்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். ஸ்டெப்னிக்குக் காற்றடித்த பிறகு சொல்கிறேன்.

ஐயா, நைலான் கயிறு பாதிக் கண்டு மீதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு மணிக்கு மேல் ஏரிக்கரைக்கு எடுத்து வருகிறேன். வலது பக்க வலையில் மேல் மூலை மறுபடி விட்டிருக்கிறது.

இப்படிக்கு,
சுண்ணாம்பு வாளிக்காரன்